பங்களா ஓட்டலில் கை நனைத்த நாள்

என் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கை நனைத்தாயிற்று என்றால் கொடுத்தவர் கொடுத்தாயிற்று, எடுத்தவர் எடுத்தாயிற்று. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர்கள் ஆறு மாதம் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒத்து வரவில்லை என்று கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். போகட்டும். எனக்கு அவர்கள் மேல் பொறாமைதான்.

போன மாதம் என் அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைந்தது. அக்காவின் மருமகள் கோயம்புத்தூரில் வளர்ந்தவள், கெட்டிக்காரி, சும்மா இருக்கத் தெரியாதவள். மாமனாரும் மாமியாரும் முதன்முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடத்திலேயே எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று அவளே முடிவு செய்து, அவளே மேஜையும் பிடித்துவிட்டாள். எனக்கு அந்தச் செய்தி போனில் வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு, உரித்த வெங்காயத்தையே மறுபடியும் உரித்தேன்.

நான் திண்டுக்கல்லிலேயே முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் கால் வைத்ததில்லை. அந்தத் தெருவில் போக நேர்ந்தால் எதிர்ச்சாரியில் நடப்பேன். ஏன் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். வெயில் என்று சொன்னேன்.

அது சுருட்டு வியாபாரி ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய பங்களா. மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும் என்பார்கள். வியாபாரம் நொடித்த பிறகு கீழ்த்தளத்தை ஓட்டலுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த ஓட்டலுக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் பங்களா ஓட்டல்தான். அப்புறம் அது பூட்டிக் கிடந்தது, ஒரு காலத்தில் உரக் கிட்டங்கியாக இருந்தது, இப்போது மறுபடியும் சுண்ணாம்பு அடித்து, தரையைத் தேய்த்து, வாசலில் பித்தளை உருளியில் பூ மிதக்கவிட்டுப் பெரிய ஓட்டலாக்கியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது பழைய பங்களா ஓட்டலைப் பற்றி. அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை.

எங்கள் ஊர் செம்பட்டிக்குப் பக்கம். அப்பா இரண்டு ஏக்கரில் தக்காளியும், வரப்போரமாகச் சம்பங்கியும் போட்டிருந்தார். அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. மோட்டார் காலையில் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் வெறும் காற்றை இழுத்து இருமும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுவார்.

அக்காவுக்குப் பதினெட்டு. எங்கள் தெருவில் பள்ளி இறுதி வகுப்பு தேறிய முதல் பெண். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். இடம் கிடைத்து, ஆனி மாதம் வந்து சேரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கொண்டுவர வேண்டிய சாமான்கள் அதில் எழுதியிருந்தன. வெள்ளைப் புடவை, கறுப்புச் செருப்பு, பூட்டோடு டிரங்குப் பெட்டி, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். பட்டாளத்தில் இருந்த எங்கள் மாமா தன் பழைய கடிகாரத்தைக் கொடுத்தார். ஆண்பிள்ளைக் கடிகாரம், வட்டம் பெரிது. தோல் பட்டையில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டும் அக்காவின் மணிக்கட்டில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கோடை முழுக்க என் கை அக்காவின் கையில்தான் இருந்தது. நான் எங்கே போனாலும் பிடித்து நிறுத்தி நாடி பார்ப்பாள். ஓடி வந்தால் எத்தனை, தூங்கி எழுந்தால் எத்தனை, தக்காளிக் கூடையைத் தூக்கினால் எத்தனை என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைப்பாள்.

“ஆடாம நில்லுடி. எண்ணிக்கை விட்டுப்போகுது.”

“நான் செத்துருவேனாக்கா?”

“இம்புட்டுத் திங்கிறவ எங்க சாகப் போறா? நூறு வயசு இருப்ப.”

அவள் விரல் நுனியில் எப்போதும் தக்காளிச் செடியின் பச்சை வாசம் இருக்கும். இப்போதும் யாராவது டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தால் எனக்கு அந்த வாசம் வருகிறது. எந்த டாக்டரிடம் போய் இதைச் சொல்ல?

அப்பா படிப்புக்கு எதிரி அல்ல. ஆனால் தன் அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாதவர். அந்தப் பெரியப்பா ஆயக்குடியிலிருந்து ஒரு இடம் கொண்டுவந்தார். கொய்யாத் தோப்பு இருக்கிறது, ஒரே பையன், தகப்பனார் இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும், பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்றார்.

முந்தின வருஷம் வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்த ஒரு கூட்டம் பதில் சொல்லாமலே இருந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் தெரு முழுக்க அக்காவின் எடுப்பான பல்லைப் பற்றியே பேச்சு. அதனால் இந்த முறை வீட்டில் வேண்டாம், டவுனில் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் புதன்கிழமை மோட்டார் வாங்கத் திண்டுக்கல் வருகிறார்கள். நாமும் ஏதோ வேலையாகப் போகிறோம். தற்செயலாக ஓட்டலில் பார்த்துக்கொள்கிறோம்.

அப்பா பங்களா ஓட்டலைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் இருந்தது. அது கறி ஓட்டல்.

“நல்ல காரியத்துக்கு வந்தவன் எவனும் கறிச்சோத்துல கை வைக்க மாட்டான். டீயக் குடிச்சமா, கெளம்புனமான்னு இருக்கும். அண்ணனுக்கும் மனசு நெறஞ்ச மாதிரி ஆச்சு, நமக்கும் ஒரு பிடியும் இல்ல” என்று அம்மாவிடம் சொன்னார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு, “நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத ஆத்தா. பெட்டிய வாங்கிருவோம். ஆனியில போய்ச் சேந்துக்க” என்றார்.

ஆக, அக்காவுக்கு விஷயம் தெளிவாக இருந்தது. அன்றைக்குச் சோற்றில் கை படாமல் வீடு திரும்பினால் நர்சு. பட்டால் ஆயக்குடி.

அப்பாவின் சூட்சுமத்தை மட்டும் நம்பிப் போக அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பஸ்ஸில் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காதில் சொன்னாள். “டீ குடிச்சு முடிச்சதும் வயிறு வலிக்குதுன்னு அழு. அழுதுக்கிட்டே இரு. நீ அழுதா அப்பாவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஒடனே கெளம்பிருவாரு.”

“நெசமாவே வலிக்கணுமாக்கா?”

“வலிக்கிற மாதிரி.”

அங்கேயே ஒருமுறை செய்து காட்டினேன். முன் சீட்டில் இருந்த பூக்கூடைக்காரம்மா திரும்பி, “புள்ளைக்கு என்னாத்தா? எறங்குன ஒடனே ஓமத்தண்ணி வாங்கிக் குடு” என்றார். அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடிகாரம் முழங்கை வரை சரிந்து போனது. “மறந்துற மாட்டியே?” என்றாள். மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான்.

ஓட்டலில் எங்களைக் குடும்பத்தோடு வருகிறவர்கள் உட்காரும் அறைக்கு அனுப்பினார்கள். அவ்வளவு உயரமான கதவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் கண்ணாடி. வெயில் அதன் வழியாக வந்து வெள்ளைக் கல் பதித்த மேஜைமேல் விழுந்தது. கையை நீட்டினால் கை சிவப்பாகும், இன்னும் கொஞ்சம் நீட்டினால் பச்சையாகும். நான் நீட்டி நீட்டிப் பார்த்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மோட்டார் கடையில் நேரமாகிவிட்டது. காலையில் வெறும் கூழைக் குடித்துவிட்டுக் கிளம்பிய நாங்கள் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். அந்த அறைக்குப் பின்னால்தான் சமையல்கட்டு. விறகடுப்பில் பிரியாணி தம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அந்த வாசனை உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. பசியைச் சாக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சாக்குத்தான். ஆனால் பசியும்தான்.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன். பெரியப்பா, “அடடே, நீங்களா! என்னா இந்தப் பக்கம்?” என்று எழுந்து நின்றார். ஊரில் கூத்துக் கட்டினால் அவருக்கு வேஷம் தரமாட்டார்கள். அவ்வளவு மோசமான நடிப்பு.

எல்லோருக்கும் டீ வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பார்த்து, “எம்புட்டுப் படிச்சிருக்கறீங்க கண்ணு?” என்று கேட்டார். அக்கா சொன்னாள். மாப்பிள்ளை அக்காவின் முகத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அவள் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை இல்லை, தக்காளி விலை போகவில்லை, கொய்யாவில் புழு என்று பேச்சு போய், டம்ளர்கள் காலியாகிவிட்டன. தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அதுதான் நேரம். மேஜைக்கு அடியில் அக்காவின் கால் என் காலைத் தொட்டது. நான் வாயைத் திறந்தேன்.

அப்போது பரிமாறுகிறவர் ஒரு பெரிய தட்டோடு எங்கள் மேஜையைத் தாண்டிப் போனார். தட்டில் குவித்து வைத்த சோறு, உச்சியில் ஒரு எலும்பு. ஆவி இன்னும் அடங்கவில்லை. வேறு மேஜைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர், நான் வாயைத் திறந்திருப்பதைப் பார்த்து, “பாப்பா என்ன சாப்பிடுது?” என்று சிரித்தபடி கேட்டார்.

“பிரியாணி” என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் தொடையை நகர்த்திக்கொண்டேன். அப்பா அசட்டுச் சிரிப்புச் சிரித்து, “வீட்டுல போய்த் திங்கலாம் ஆத்தா” என்றார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, “பாவமுங்க, கொழந்தைக்குப் பசிக்கறது மூஞ்சியிலயே தெரியுதுங்க. ஏனுங்க, கொழந்தைக்கு ஒரு எலை போடுங்க” என்று பரிமாறுகிறவரிடம் தானே சொல்லிவிட்டார்.

அங்கேதான் எல்லாம் தவறிப்போனது. வந்தவர்கள் சொல்லி நம் பிள்ளை சாப்பிடுவதா என்று அப்பாவுக்குச் சுருக்கென்றது. அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். கண்ணாடிச் சிவப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். “புள்ளைக்கு மட்டும் என்னங்க? எல்லாருக்கும் எலையப் போடுப்பா” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பரிமாறுகிறவர் சுறுசுறுப்பான மனிதர். எட்டு இலையும் விழுந்து, தண்ணீர் தெளித்து, தயிர் வெங்காயமும் வைத்தாயிற்று.

தாய்மாமன் பாதி எழுந்தவர், அப்படியே நின்றார். “நேரமாச்சுங்களே…” என்று இழுத்தார். போட்ட இலையை விட்டு எழுந்து போவதா? மாப்பிள்ளையின் அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எட்டு பேர் இலையில் சோறு. ஏழு பேர் கை மடியில்.

நான் சாப்பிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த ருசியை நான் மறுபடி பார்க்கவே இல்லை. சீரகச் சம்பா அரிசி, விரலுக்குள் நிற்காமல் உதிர்ந்தது. மிளகுக் காரம் முதலில் தெரியாமல் வந்து பிறகு காதைச் சுட்டது. சின்னச் சின்னக் கறித்துண்டு, எலும்போடு. உறிஞ்சினேன். நிமிர்ந்தபோது எதிரே இருந்த மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் எலும்போடு சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, தன் இலையில் கை வைத்தார்.

பெரியவர்களில் அவர்தான் முதலில் கை வைத்தார். அதை எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள். அக்கா என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. நான் இரண்டாம் தடவை சோறு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பெரியப்பா வெற்றிலை பாக்கோடு ஆயக்குடிக்குக் கிளம்பினார். அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பெரியப்பா காதில் விழும்படி அப்பாவிடம், “ஓட்டல்ல சாப்பிட்டதெல்லாம் கணக்கா? அதுவும் கறிச்சோறு” என்றாள்.

“சோறுன்னா சோறுதான். அதுவும் மாப்பிள்ளையே முந்திக்கிட்டுக் கை வச்சிருக்காரு. இனிமே நாம வேணாம்னு சொன்னா, கூப்பிட்டுச் சோத்தப் போட்டு அவமானப்படுத்துன மாதிரி ஆகிப்போகும்” என்றார் பெரியப்பா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, “நான் என்ன செய்யட்டும்? கை நனைச்சாச்சே” என்றார். அதையே அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையிலேயே வழி தெரியவில்லை. இப்போது எனக்கு அன்றைய அவரை விட வயது அதிகம். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருக்கிறது, தோளில் கை போட்டு உட்கார வேண்டும் போலவும் இருக்கிறது.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை, ஒரு அடி, ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதற்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்து நாடி பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். நானே போய்க் கையை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். “வேலை கெடக்கு, போ” என்றாள். ஆஸ்பத்திரிக்கு, வந்து சேர இயலவில்லை என்று அவளே தன் அழகான கையெழுத்தில் ஒரு கார்டு எழுதினாள். தபால் பெட்டியில் அதைக் கொண்டுபோய்ப் போட்டது நான். போடாமல் கிழித்து எறியலாம் என்று தோன்றக்கூட இல்லை. சொன்ன வேலையைச் செய்தால் பேசுவாள் என்று நினைத்தேன்.

ஆனி மாதம் கல்யாணம் நடந்தது. கடிகாரமும் சீர்ச் சாமான்களோடு ஆயக்குடிக்குப் போனது. சில வருஷம் அங்கே சமையலறைப் பரணில், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால், ஓடாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒருமுறை தேடினேன், இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

அத்தான் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் பாவம். குடிக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது. தோப்பே கதி. அக்கா அங்கே கொய்யா பறித்தாள், கூடை கட்டினாள், ஆள் வைத்து வேலை வாங்கினாள், மூன்று பிள்ளை பெற்றாள். அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் வீட்டில் தங்கியிருந்தேன். தோப்பில் கொய்யா தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எப்படியாவது கேட்டுவிடுவது, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

“அன்னிக்குப் பங்களா ஓட்டல்ல உங்க அத்தான்தான் முதல்ல கை வச்சாரு, பாத்தியா? அம்புட்டுப் பேரு முழிச்சுக்கிட்டு இருக்காக. பெரியவுக யாரையும் பாக்கல, எதையும் யோசிக்கல. என்னையப் பாத்தாரு, கை வச்சுட்டாரு. வாயில சொல்லத் தெரியாத மனுசன். ஆனா அது ஒண்ணு போதும்டி எனக்கு.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது.

நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் சந்தோஷத்துக்காக விழுங்கினேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அவர் விரும்பிக் கை வைத்தார் என்றால் என் குற்றமும் கொஞ்சம் குறைந்துவிடுகிறது அல்லவா? அந்தப் பிடியை அவளும் பிடித்துக்கொண்டாள், நானும் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

இனி போன மாதத்துக்கு வருகிறேன்.

புதுப் பங்களா ஓட்டலில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். அந்தப் பழைய கண்ணாடிகளில் பாதியை எங்கிருந்தோ தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். சுவரில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் படம். அவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, மீசை நன்றாக இருந்தது. சாப்பாட்டுப் பட்டியலைப் போனில்தான் பார்க்க வேண்டுமாம். அத்தான் போனைத் தூரமாகவும் கிட்டேயும் பிடித்துப் பார்த்துவிட்டு, “எனக்குச் சோறு இருந்தாப் போதுமுங்க” என்று வைத்துவிட்டார்.

அக்கா அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பேச்சே பாதி அவர்கள் பக்கமாகிவிட்டது. என்னிடம் தனியாகப் பேசும்போது மட்டும் பழையது வரும். “ஏனுங்க, காரம் சேராதுங்க உங்களுக்கு, பாத்துச் சாப்பிடுங்க” என்று அத்தானின் தட்டில் தயிரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மருமகள் விடுவதாக இல்லை. “மாமா, அத்தையைப் பார்த்ததும் என்ன தோணுச்சு? உடனே சாப்பிட்டீங்களாமே! அத்தை எங்ககிட்ட நூறு தடவை சொல்லியிருக்காங்க” என்றாள். பேரன் போனை நிமிர்த்திப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

அத்தான் சிரித்தார். அவர் சிரிப்பதே அபூர்வம். “நான் ஒண்ணு சொன்னா ஆரும் கோவிச்சுக்கக் கூடாது” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அறுபது வயதில், வயிறு வலிக்கிறது என்று சொல்லி எல்லோரையும் எழுப்பிவிடலாமா என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. நான் எப்போதும் அந்த நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள்தானே.

“உங்கத்தைய எனக்கு அன்னிக்குப் புடிக்கவே இல்லீங்க. பெரிய வாச்சுக் கட்டிட்டு வந்து உக்காந்திருந்தாங்க. வாச்சுக் கட்டுன பொண்ணு தோட்டங்காட்டுக்கு ஆகுமான்னு எனக்கு ஒரே பயம். டீயக் குடிச்சுட்டு ஓடிப்போலாமுன்னுதான் இருந்தேன். இந்த அம்மிணி இருக்குது பாருங்க…” என்று என்னைக் காட்டினார். “வாயில எலும்ப வெச்சுக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சுது. அத்தனை பேரு நடுவுல கொழந்தை தனியாச் சாப்பிடுது, அதுக்குக் கூச்சமா இருக்குமேன்னு சும்மா நானும் கை வெச்சேன். எங்க பக்கத்துல ஓட்டல் சோத்துக்குக் கணக்கே கெடையாது. வீட்டுல சாப்பிட்டாத்தான் கணக்கு. வெளிய வந்ததும், இந்த எடம் வேண்டாமுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன். மூணாம் நாளு பாத்தா இவங்க பெரியப்பாரு வெத்தலை பாக்கோட வந்து நிக்கறாரு, கை நனைச்சாச்சேன்னு! அப்பறம் என்ன பண்றது? சாப்பிட்டுப்போட்டு வேண்டாமுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? எங்கம்மாவுக்கும் சொல்லத் தைரியம் வரலே, மாமனுக்கும் வரலே.”

மேஜையே குலுங்கிச் சிரித்தது. “அந்த வாச்சுப் பயம் இன்னும் போகலீங்க” என்று அத்தான் முடித்தபோது மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்புக் கண்ணீர். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். ஐம்பது வருஷம் கழித்துச் சிரிப்பதற்கு ஒரு கதை கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் சொன்னார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

அக்காவும் சிரித்தாள். ஆனால் தயிர்க் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதைக் கிண்ணத்தில் வைத்தாள். “ஆறிப்போகுதுங்க, சாப்பிடுங்க” என்றாள். அவள் இத்தனை காலம் வைத்திருந்த ஒரே ஒரு பொருளை எல்லோரும் கை மாற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார்கள். யாருக்கும் அது தெரியவில்லை. தெரிந்த நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவுமிடத்துக்கு நானும் அக்காவும் சேர்ந்து போனோம். பித்தளைக் குழாய், புதிதாகப் பழசு மாதிரிச் செய்தது. அக்கா குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றாள்.

“அக்கா, நான் அன்னிக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“வயிறு வலிக்குதுன்னு சொல்லச் சொன்னேன்” என்றாள்.

“ஆமாக்கா.”

அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று நான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தண்ணீரில் காட்டினாள். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள்.

“அப்பா ரோசத்துக்குச் சாப்பிட்டாரு. அவுக மாமன் மரியாதைக்குச் சாப்பிட்டாரு. இவரு உனக்காகச் சாப்பிட்டிருக்காரு. எனக்கு ருசியே தெரியல, அப்பா மூஞ்சியப் பாத்துப் பயந்து அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டேன். எலைய மூடியிருக்கலாம், மூடல.” குழாயை நிறுத்தினாள். “அன்னிக்கு அம்புட்டுப் பேருல ஆசைப்பட்டுச் சாப்பிட்டது நீ ஒருத்திதான்டி.”

உள்ளே பிள்ளைகள் எங்களைக் கூப்பிட்டார்கள், கேக் வெட்ட வேண்டுமாம். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

“நல்லாவாச்சும் இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா” என்றேன்.